கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள்

(ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் இங்கே தரப்படுகிறது.)



வாரம் முழுக்க ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு, கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் சட்டம் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள் பின்வரிசையில் காற்றாடிக்குக் கீழே உட்காருங்கள். பிள்ளை அழுதால் பரவாயில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் அண்ணன் என்னைத் தேடி வந்தார். அரசாங்க இலாகா ஒன்றில் கடைநிலை ஊழியர். எந்த இலாகா, எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் வேலை செய்தவர். ஒரு நாள் கடிதம் வந்தது. வேலையிலிருந்து நீக்கம். அதற்கு முன்னால் "ஏன் உன்மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது, விளக்கம் சொல்" என்று கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை என்றார் அவர். நேராக நீக்கம்தான்.

அந்தக் கடிதத்தை அவர் மனைவி மடித்து வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். முருகன் பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. நான் அதைக் குறை சொல்லவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் வைத்திருப்பார்.

பிறகு அண்ணன் கட்சிக் கிளைத் தலைவரைப் போய்ப் பார்த்தார். "நான் பேசிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே" என்றார் தலைவர். தைப்பூசம் முடியட்டும் என்றார்கள். அப்புறம் பொதுத்தேர்தல் முடியட்டும் என்றார்கள். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு மகஜர் எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். நல்ல மலாய்மொழியில், நானே உட்கார்ந்து எழுதினேன். பத்துப் பேர் போய்க் கொடுத்தோம், பத்திரிகையில் படம்கூட வந்தது. அந்தப் படத்தில் நானும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் கடிதத்தை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. ஒரே கேள்விதான் கேட்டார். "இது உங்கள் கைக்கு வந்தது எந்தத் தேதி?" சொன்னோம். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "மூன்று மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும்" என்றார்.

அந்த அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் என் மகஜருக்குப் போன நாட்களும் அடக்கம். அதனால்தான் இன்றைக்கு நான் இந்த விஷயத்தைப் பேசுகிறேன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல வந்தவனாகப் பேசவில்லை.

அந்த வழக்கறிஞர் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும் என்று சொன்ன வழக்குக்குப் பெயர் நீதிமன்றச் சீராய்வு. மலாயில் செமாக்கான் கெஹாகிமான் என்பார்கள். அப்பீல் வேறு, இது வேறு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஓர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும்.

செக்ரோலில் கிராணி உங்கள் பெயரை வெட்டிவிடுகிறார் என்று வையுங்கள். அன்றைக்குச் சம்பளம் இல்லை. நீங்கள் துரையிடம் போய் முறையிடுகிறீர்கள். துரை உங்கள் பாலை மறுபடி நிறுத்துப் பார்க்கப் போவதில்லை. அவர் கிராணியைக் கூப்பிட்டுச் சில கேள்வி கேட்கிறார். பெயரை வெட்ட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? வெட்டுவதற்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டாயா? நிறுவைப் புத்தகத்தைப் பார்த்தாயா, இல்லை சொந்தப் பகையில் வெட்டினாயா? புத்தி உள்ளவன் எவனாவது இப்படி ஒரு முடிவு எடுப்பானா? இதற்குப் பதில் இல்லையென்றால் வெட்டியது செல்லாது.

சீராய்வும் இவ்வளவுதான். இங்கே கிராணி இருக்கிற இடத்தில் மந்திரி, இலாகா இயக்குநர், நில அலுவலகம், நகராண்மைக் கழகம், போலிஸ் படைத் தலைவர் என்று யாரும் இருக்கலாம். கேள்வி கேட்பவர் உயர் நீதிமன்ற நீதிபதி. அவர் கையில் இருக்கும் புத்தகம் நம் அரசியலமைப்புச் சட்டம்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, இந்தச் சட்டம்தான் நாட்டின் தலையாய சட்டம், இதற்கு முரணாக வரும் சட்டம் முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது. நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கே இந்த நிலை என்றால், ஓர் அதிகாரி கையெழுத்துப் போட்ட கடிதம் எம்மாத்திரம்? 5-வது பிரிவு உயிரும் உடல் சுதந்திரமும் பற்றியது. 8-வது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பது. அரசாங்க ஊழியர்களுக்கு 135-வது பிரிவு இருக்கிறது. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லப் போதிய வாய்ப்புக் கொடுக்காமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் பொது விதி அதுதான். நான் சொன்ன அண்ணனுக்கு இந்தப் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு வாதாட இடம் இருந்தது. போய் நிற்கக் கதவுதான் இல்லாமல் போயிற்று.

இதே மாதிரி வேலை இழந்தவர் ஒருவர் தக்க நேரத்தில் நீதிமன்றம் போனார். 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, டான் தெக் செங் வழக்கு. ஆரம்பப்பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியர். பணம் தொடர்பான ஒரு குற்றச்சாட்டில் மாட்டினார். தண்டனையை மேல் நீதிமன்றம் நன்னடத்தை ஜாமீனாக மாற்றிவிட்டது. இருந்தும் கல்விச் சேவை ஆணையம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். 5-வது பிரிவில் வரும் 'உயிர்' என்ற சொல்லுக்கு மூச்சு விடுவது மட்டும் பொருளல்ல, பிழைப்பும் அதில் அடங்கும் என்றார் அவர். வேலை நீக்கம் என்பது செய்த தவற்றுக்குப் பொருந்தாத கடுமையான தண்டனை என்று சொல்லி, அதைப் பதவி இறக்கமாகக் குறைத்தார்கள். அவர் தமிழரல்லர், சீனர். எந்த இனமானால் என்ன, அந்தத் தீர்ப்பு நமக்கும் சேர்த்துத்தான்.

சரி, இவ்வளவு நல்ல கதவு இருக்கிறதே, ஏன் நம் மக்களுக்குத் தெரியவில்லை? ஒரு காரணம், அந்தக் கதவைப் பலமுறை பாதி மூடியிருக்கிறார்கள்.

1986-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை நிருபரின் வேலை அனுமதியை அரசாங்கம் ரத்து செய்தது. அவரைக் கேட்காமல் ரத்து செய்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1987 அக்டோபரில் ஓபராசி லாலாங். நூற்றுக்கு மேற்பட்டவர்களை இசா சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். அதில் கர்ப்பால் சிங்கும் ஒருவர். 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அன்றைக்கே திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் மகாதீர் அரசாங்கத்துக்கு நீதிமன்றத்தின்மேல் பெரிய எரிச்சல். அதே 1988-இல் அரசியலமைப்பின் 121-வது பிரிவைத் திருத்தினார்கள். அதுவரை நாட்டின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தது. திருத்திய பிறகு, நாடாளுமன்றம் சட்டம் போட்டு என்ன அதிகாரம் கொடுக்கிறதோ அதுதான் நீதிமன்றத்துக்கு என்று ஆனது. அந்த வருடம் ஆகஸ்டில் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸையே பதவியிலிருந்து நீக்கினார்கள். பிறகு இன்னும் இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் போனார்கள். இருபது வருடம் கழித்து, 2008-இல், அப்துல்லா படாவி அரசாங்கம் அந்த நீதிபதிகளுக்கு நல்லெண்ணத் தொகை கொடுத்தது. பணம் கொடுத்தார்கள், அரசாங்கம் தவறு செய்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்கவில்லை.

1989-இல் இசா சட்டத்தில் 8பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மந்திரி ஒருவரைத் தடுத்து வைத்தால், நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்று மட்டும் நீதிமன்றம் பார்க்கலாம். தடுத்து வைத்ததே நியாயமா என்று கேட்கக்கூடாது. இப்படி நீதிமன்றத்தை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தும் பிரிவுகள் நம் சட்டங்களில் நிறைய உண்டு. 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூரில் நாம் நின்றோமே, தண்ணீர் பீய்ச்சி அடித்தார்களே, கண்ணீர்ப் புகை போட்டார்களே, அதற்குப் பிறகு டிசம்பரில் ஐந்து பேரைக் கமுந்திங்குக்குக் கொண்டு போனார்கள். ஆட்கொணர்வு மனு போட்டார்கள். 2008-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது தோற்றது. அவர்கள் கடைசியில் வெளியே வந்தது 2009-இல், அரசாங்கம் விடுவித்து. இசா 2012-இல் ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் சோஸ்மா வந்தது. அது வேறு கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

மூடியது அரசாங்கம் மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். சில சமயம் நீதிபதிகளே உள்ளே நின்றுகொண்டு தாழ்ப்பாள் போட்டார்கள். 2005 டிசம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? எவரெஸ்ட் மலையேறும் குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தி இறந்துபோனார். அவர் மதம் மாறிவிட்டார் என்று சமய இலாகா சொன்னது. மனைவி காளியம்மாள் இல்லை என்றார். உயர் நீதிமன்றம் போனார். 'ஷரியா நீதிமன்றம் சம்பந்தப்பட்ட விஷயம், நான் தலையிட முடியாது' என்று நீதிபதி கைவிரித்துவிட்டார். காளியம்மாள் இந்து. ஷரியா நீதிமன்றத்தில் அவர் வழக்காட முடியாது. இந்தக் கதவும் இல்லை, அந்தக் கதவும் இல்லை. கணவரின் உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அந்த வாரம் இந்த நாட்டில் எந்தத் தமிழ் வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கியது?

இனி நான் சொல்ல வந்த முக்கிய வழக்கு. ஈப்போவில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. இந்திரா காந்தி. பெயர் உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வழக்கில் சட்டப்படி என்ன நடந்தது என்று கேட்டால், நம்மில் பத்தில் ஒருவருக்குத்தான் தெரிகிறது. 'மதமாற்ற கேஸ்' என்கிறோம். அது சீராய்வு வழக்கு.

2009 மார்ச்சில் கணவர் மதம் மாறினார். அது அவர் விருப்பம், அதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மூன்று பிள்ளைகளையும் மாற்றியதாகச் சான்றிதழ் வாங்கிவிட்டார். பெரியவளுக்கு 12 வயது, மகனுக்கு 11, கடைக்குட்டிக்கு 11 மாதம். கைக்குழந்தையை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய பிள்ளைகள் இருவரும் தாயோடுதான் இருந்தார்கள். சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்கு அவர்கள் போகவே இல்லை.

அந்தத் தாய் என்ன செய்திருக்கலாம்? நம் வழக்கப்படி தலைவர் வீட்டு வாசலில் நின்றிருக்கலாம். அவர் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டார். அவர் கேட்டது மத விஷயமே அல்ல, கவனியுங்கள். பேராக் மாநிலச் சட்டம் ஒன்று இருக்கிறது. மதம் மாறுபவர் தன் வாயால் உறுதிமொழி சொல்ல வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் வரவே இல்லை. 11 மாதக் குழந்தைக்குப் பேச்சே வராது. அப்படியானால் பதிவதிகாரி தன்னுடைய சட்டத்தையே மீறிச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். துரை கிராணியைக் கேட்கும் அதே கேள்விதான் இது. உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது, கேட்டாயா, பார்த்தாயா?

எதிர்த்தரப்பு சொன்னது, சான்றிதழ் கொடுத்தாகிவிட்டால் அதுவே முடிந்த முடிவான சாட்சி, சிவில் நீதிமன்றம் அதைத் தொடக்கூடாது என்று. காளியம்மாளுக்குச் சாத்திய அதே கதவு. அதுபோக 2007-இல் சுபாஷினி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோரில் ஒருவர் சம்மதித்தாலே போதும் என்று பெரும்பான்மையாகச் சொல்லி வைத்திருந்தது.

2013 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் சான்றிதழ்களை ரத்து செய்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தலைகீழாக்கியது. 2018 ஜனவரி 29-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, சான்றிதழ்கள் செல்லாது என்றார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சைனுன் அலி. ஐந்து பேரில் நால்வர் முஸ்லிம்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வழக்கை இனத்துக்கு இனம், மதத்துக்கு மதம் என்று காட்டி நம்மிடமும் சிலர் பேசுகிறார்கள். வழக்கு அப்படி நடக்கவில்லை, தீர்ப்பும் அப்படி வரவில்லை.

தீர்ப்பில் நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். 12-வது பிரிவில் பிள்ளையின் மதத்தைப் பெற்றோர் முடிவு செய்வார்கள் என்று வருகிறதே, அங்கே பெற்றோர் என்றால் தாய் தந்தை இருவரும், இருவரும் உயிரோடு இருந்தால் இருவர் சம்மதமும் வேண்டும் என்றார்கள். அடுத்தது இதைவிட ஆழமானது. அரசாங்க அதிகாரி ஒருவர் தன் சட்ட அதிகாரத்தை மீறினாரா என்று பார்ப்பது சிவில் நீதிமன்றத்தின் அடிப்படை அதிகாரம். அதை நாடாளுமன்றம் திருத்தம் போட்டும் பிடுங்க முடியாது, ஷரியா நீதிமன்றத்துக்குத் தூக்கிக் கொடுக்கவும் முடியாது. 1988-இல் சாத்திய கதவை இப்படித்தான் திறந்தார்கள். அதற்கு முந்திய வருடம், 2017-இல், செமினி ஜெயா என்ற நில எடுப்பு வழக்கில் இதே நீதிபதி அதற்கு அடித்தளம் போட்டிருந்தார். நஷ்ட ஈடு எவ்வளவு என்று நீதிபதியோடு உட்காரும் இரண்டு மதிப்பீட்டாளர்கள் சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று ஒரு பிரிவு இருந்தது. நீதிபதி தலையாட்ட வேண்டியதுதான். அந்தப் பிரிவு செல்லாது, நீதி அதிகாரம் நீதிபதிக்கே என்றார்கள்.

கதவு ஒருமுறை திறந்தால் பின்னால் வருபவர்களும் நுழையலாம். பெர்லிஸில் மூன்று பிள்ளைகளைத் தாயின் சம்மதமின்றி மதம் மாற்றியதை எதிர்த்து லோ சியூ ஹோங் என்ற சீனத் தாய் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் எதிர்த்தரப்பின் மனுவை ஏற்கவில்லை. ஈப்போ ஆசிரியை ஒன்பது வருடம் தள்ளித் திறந்த கதவு வழியாகத்தான் அவர் நடந்து போனார்.

இங்கே கைதட்ட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். இந்திரா காந்தியின் கடைசி மகள் தாயிடம் வந்து சேர்ந்தாளா?

பிள்ளைகளைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2010-லேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவர் கொடுக்கவில்லை. 2014-இல் நீதிமன்ற அவமதிப்புக்காக அவரைக் கைது செய்ய உத்தரவு வந்தது. இரண்டு நீதிமன்றம் இரண்டு விதமாகச் சொல்கிறது என்று போலிஸ் நடவடிக்கை எடுக்கவில்லை. 2016 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமே, கைது உத்தரவை நிறைவேற்று என்று போலிஸ் படைத் தலைவருக்குக் கட்டளை போட்டது. அதற்கப்புறமும் ஆள் கிடைக்கவில்லை. போலிஸ் கடமையைச் செய்யவில்லை என்று இந்திரா போட்ட நஷ்ட ஈட்டு வழக்கை 2024-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2025-இலும் அந்தத் தாய் மகளைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். தூக்கிக்கொண்டு போனபோது நடக்கத் தெரியாத குழந்தை அது.

நீதிமன்றம் காகிதத்தைக் கிழிக்கும், கட்டளை போடும். கட்டளையை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது அரசாங்கத்தின் ஆட்கள். அவர்கள் தட்டவில்லையென்றால் நீதிபதி அங்கியைக் கழற்றிவிட்டுத் தெருவில் இறங்க முடியாது. இதை மறைத்துவிட்டு, "சீராய்வு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் உங்களிடம் சொன்னால், தேர்தல் முடியட்டும் என்று சொன்ன தலைவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 2021-இல் மரியா சின் அப்துல்லா வழக்கு. 2016-இல் வெளிநாடு போக விமான நிலையத்துக்குப் போனவரை நிறுத்திவிட்டார்கள். கூட்டரசு நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். பயணத் தடை சட்டப்படி செல்லாது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் குடிநுழைவுச் சட்டத்தில் நீதிமன்றத்தைத் தள்ளி வைக்கும் 59ஏ பிரிவு செல்லும் என்று ஐவர் சொன்னார்கள். செல்லாது என்றவர்கள் இருவர், அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமூனும் நீதிபதி நளினி பத்மநாதனும். ஆகையால் கதவு முழுக்கத் திறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். யாராவது தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் போக வேண்டும் என்று ஒரு தம்பி போன கூட்டத்தில் கேட்டார். அந்தத் தாயின் மற்ற இரண்டு பிள்ளைகளைப் பாருங்கள் தம்பி. அவர்கள் பெயரில் இருந்த சான்றிதழ் கிழிந்தது. பள்ளியில், ஐசியில், நாளைக்குக் கல்யாணத்தில் அந்தக் காகிதம் அவர்களைத் துரத்தாது. மகஜர் கொடுத்து இதை வாங்கியிருக்க முடியுமா? இந்த நாட்டில் எத்தனை மகஜர் கொடுத்திருக்கிறோம், எண்ணிப் பாருங்கள். மகஜருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மந்திரிக்கு எந்தச் சட்டமும் இல்லை. அனுமதி கிடைத்த சீராய்வு மனுவுக்கு, ஏன் இந்த முடிவை எடுத்தேன் என்று சத்தியப் பத்திரம் போட்டுப் பதில் சொல்லியாக வேண்டும். கூலிக்காரன் கேட்ட கேள்விக்கு இலாகா இயக்குநர் எழுத்தில் பதில் சொல்லும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

இனிக் காரியத்துக்கு வருவோம். தாள் பேனா வைத்திருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம். இதுதான் உயிர்நாடி. முடிவு எடுக்கப்பட்ட நாள், அல்லது அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு உயர் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். நல்ல காரணம் இருந்தால் நீதிமன்றம் அவகாசம் நீட்டலாம், ஆனால் "தலைவர் பேசுவதாகச் சொன்னார், காத்திருந்தோம்" என்பதை நல்ல காரணமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் உங்களுக்காகக் கடிதம் எழுதினாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வாரம் வழக்கறிஞரையும் பாருங்கள்.

கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும். கையில் கொடுத்தார்கள் என்றால் வாங்கிய தேதியைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள். முகப்பில் எதுவும் கிறுக்க வேண்டாம். வாயால் "முடியாது, போ" என்று சொன்னால், எழுத்தில் தரச்சொல்லி ஒரு கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள்.

மனு போட்டதும் நேரே விசாரணை வராது. முதலில் அனுமதி வாங்க வேண்டும். சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்கள், அங்கிருந்து வழக்கறிஞர் வந்து ஆட்சேபிப்பார். பயப்பட வேண்டாம், அது வழக்கமாக நடப்பதுதான். தோற்றால் எதிர்த்தரப்புச் செலவைக் கட்டச் சொல்லும் ஆபத்து உண்டு, அதையும் வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள். வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்டேட் கம்பெனி லயன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் சீராய்வு மனு போட முடியாது. கம்பெனி தனியார். அதற்கு வேறு வழக்கு, வேறு வாதம். தனியார் கம்பெனியில் அநியாயமாக வேலை போனாலும் இதில் வராது. அதற்குத் தொழிலியல் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும், அங்கே மூன்று மாதம்கூட இல்லை. நில அலுவலகம், நகராண்மைக் கழகம், பதிவு இலாகா, கல்வி இலாகா மாதிரி அரசாங்கத்தின் கை எடுத்த முடிவு என்றால்தான் நான் சொல்கிற கதவு. எது எதில் சேரும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினால் போதும்.

அந்தப் பக்கம் அக்கா ஒருவர் கை தூக்குகிறார். "அரசாங்கத்தை எதிர்த்துக் கேஸ் போட்டால் வீட்டுக்காரரின் பென்ஷனை நிறுத்திவிடுவார்களா?" நல்ல கேள்வி அக்கா, பலபேர் மனசில் இருக்கும் பயம். வழக்குப் போட்டதற்காகப் பென்ஷனை நிறுத்த எந்தச் சட்டமும் இல்லை. அப்படி யாராவது மிரட்டினால் அவர் பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள், அதுவும் வழக்குக்கு உதவும்.

இரண்டு வழக்கறிஞர்கள் இன்றைக்கு நம்மோடு வந்திருக்கிறார்கள், பின்னால் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், காசு வாங்க மாட்டார்கள். வீட்டில் கடிதம் இருப்பவர்கள் இப்போதே போய் எடுத்து வாருங்கள், எட்டு மணி வரை இருப்பார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பெயரையும் கடிதத் தேதியையும் கொடுத்துவிட்டுப் போங்கள், அவர்கள் கூப்பிடுவார்கள். தேதி இரண்டு மாதத்தைத் தாண்டியிருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே முன்னால் வாருங்கள்.

தேநீர் தயாராக இருக்கிறது.